கிழக்குச் சுவரில் ஒரு காகிதம்

பிள்ளைகளே, நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த நாட்டில் ஒரு பண்டிகைக்கு முன் வீட்டில் ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று புத்தகங்களைக்கூட விரித்து உதறுகிறார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மோஷேயை அவர் மகன் ஈலான் கண் டாக்டரிடம் அழைத்துப்போன அன்று, வீட்டைக் கழுவித் துடைத்தது நான்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற அமர்க்களம் இங்கேயும் உண்டு.

மோஷே தினமும் கும்பிடும் கிழக்குச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு காகிதம் இருக்கிறது. இரண்டு மான், இரண்டு சிங்கம், நடுவில் மரம், மேலே அவர்கள் எழுத்தில் ஏதோ ஒரு சொல். எல்லாம் கத்தியால் வெட்டியது. போலந்தில் இருந்தபோது அவருடைய அப்பா வெட்டினாராம். ஆரணியில் பதினைந்து வருஷம் தறிக்கு டிசைன் அட்டை குத்தியவன் நான். அட்டையில் விழும் ஓட்டைதான் புடவையில் மயிலாகிறது. அதனால் பார்த்ததுமே புரிந்துவிட்டது: காகிதத்தை இரண்டாக மடித்து வெட்டி, எழுத்துகளை மட்டும் பிரித்தபிறகு வெட்டியிருக்கிறார். கை சுத்தமான வேலைக்காரர்.

துடைத்துவிட்டு மாட்டப்போகும்போது உங்கள் அம்மா ஞாபகம் வந்தது. சேவூர் வீட்டில் ரேணுகாம்பாள் படத்தை நான் தப்பான சுவரில் மாட்டியபோது, “இன்னாங்க, விடிஞ்சா அம்மன் மூஞ்சில வெயில் பட வாணாமா? கெழக்கு பாக்க மாட்டுங்க, ஜல்தி!” என்று மறுபடி ஆணி அடிக்க வைத்தாளே! இந்தப் படமும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், சொல்ல ஆளில்லை போலும் என்று எதிர்ச்சுவரில் மாட்டினேன்.

திரும்பி வந்த ஈலான் வெறும் ஆணியைத்தான் பார்த்தான்.

“தாத்தா வெட்டிய படம் எங்கே? யாரிடம் கொடுத்தாய்?”

எனக்கு இங்கிலீஷ் வாய்க்குள் சிக்கிக்கொண்டது. என்னை இங்கே வேலைக்கு வைத்த ஏஜென்சிக்குப் போட, அவன் போனைக் கையில் எடுத்துவிட்டான். போட்டால் வேலை போகும், விசா போகும். அதைவிட, திருடன் என்ற பேரோடு உங்கள் முன்னால் வந்து நிற்கவேண்டும். பெரியவரின் சக்கர நாற்காலியை அப்படியே திருப்பினேன். எதிர்ச்சுவரில் மான்கள் நின்றன.

“சாமி கிழக்கே பார்க்கணும்,” என்றேன்.

மோஷே இருமல் வரும்வரை சிரித்தார். “அது சாமி இல்லையடா. அதில் எழுதியிருப்பது மிஸ்ராஹ், கிழக்கு என்று அர்த்தம். ஜெருசலேம் இருக்கும் திசை. அது எங்கேயும் பார்க்காது. நாம்தான் அந்தப் பக்கம் பார்க்கணும்.”

ஈலான் போனைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய ஆணியை இறுக்கத் தானே சுத்தியல் எடுத்துவந்தான். “ஸாரி” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். படம் பழைய இடத்துக்குப் போனது.

“உனக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்று மோஷே கேட்டார்.

“உங்க ஜெருசலேமைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால், எங்க சேவூர்.”

இப்போது காலையில் அவர் கும்பிட்டு முடித்ததும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வார், எனக்கு இடம்விட. நானும் கிழக்கே பார்த்து நிற்பேன். நம் வீட்டு அம்மனும் கிழக்கே பார்ப்பதால் இங்கிருந்து எனக்கு அவள் முதுகுதான். ஆனால் பிள்ளைகள் நீங்கள் இருவரும் அவள் எதிரே கைகூப்பி நிற்கும்போது மேற்கே பார்த்து நிற்கிறீர்கள். நேரே என்னைப் பார்த்து.