தொப்புள் பார்த்த நர்ஸ்

பித்தப்பைக் கல்லை லேப்ராஸ்கோப்பியில் எடுக்க, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். மூக்கு நுனியில் கண்ணாடியுடன் வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சட்டையைத் தூக்கித் தொப்புளைத்தான் பார்த்தார்.

“எண்ணெய் வச்சியளா அண்ணாச்சி?”

“இல்லையே.”

பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றியெடுத்து என் மூக்கருகே நீட்டினார். சூடு தணியட்டும் என்று காலையில் நான் வைத்த விளக்கெண்ணெய் மணத்தது.

“இது வழியாத்தான் கேமராவே உள்ள போகுது. அழுக்கும் கூடப் போயி சீழ் பிடிச்சா, மறுபடி இங்கனதான் வந்து படுக்கணும், பாத்துக்கிடுங்க.”

நாலாவது பஞ்சு வெள்ளையாக வந்த பிறகே சிரித்தார்.

காயம் சுத்தமாக ஆறியது. போன வாரம் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

“யாரு, தெரியலையே?”

முகத்தைக் காட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? என் கை சட்டை நுனிவரை போய்விட்டது. நல்லவேளை, பஸ் வந்தது.