ஹெட் போல்ட்டில் வைத்த நகப்பூச்சு

1. பாலத்தில் நின்ற வேன்

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடைக் கதவை முழுசாகத் தூக்கக்கூட இல்லை, அதற்குள் என் பெயர் கெட்டுப்போயிருந்தது.

எனக்கே தெரியாது. எதிர்த்த கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு வேன்காரர்தான் போனைத் தூக்கிக் காட்டினார். "வேலண்ணே, உங்களப் பத்திதான் ஓடிக்கிட்டிருக்கு." வேன்காரர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. பேசியது கோமதி. பட்டர்வொர்த்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கடல் பாலத்தைத் தாண்டி இந்தத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு வேன் ஓட்டுகிற பெண். அவள் வேனின் எஞ்சினைப் போன மாதம்தான் நான் பிரித்துக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஜெலுத்தோங் வேலண்ணே கட்டின எஞ்சின் பாலத்து நடுவுல நின்னுப்போச்சு. ஒரே வெள்ளைப் புகை, தண்ணி கொதிக்குது. வேன் நிறைய ஃபேக்டரிப் புள்ளைங்க. பெரிய போமேன்னு நம்பி யாரும் போயிடாதீங்கலா."

போமேன் என்றால் இங்கே மெக்கானிக். நான் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன். சர்டிபிகேட் என்று என் கடைச் சுவரில் எதுவும் மாட்டியிருக்காது. ஆனால் இந்தத் தீவில் டீசல் எஞ்சின் கட்டுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கு என்னைத் தெரியும். மீதி இரண்டு பேர் நேற்று வந்தவர்கள். என்னிடம் இருப்பது என் பெயர் ஒன்றுதான். அந்தக் குழுவில் உள்ள வேன்காரர்கள்தான் என் சோறு. அதில் ஒரு பெண் காலை நேரத்தில் மண் அள்ளிப் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இழுவை லோரி வந்து வேனை என் வாசலில் இறக்கியது. கோமதி லோரியின் முன்சீட்டிலிருந்து குதித்தாள்.

"என்னண்ணே வேலை செஞ்சிருக்கீங்க? பின்னால லோரிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், நான் பாலத்துல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். திங்கக்கிழமை வேன் வரலைன்னா வேற வேன் போட்டுருவேன்னு ஏஜெண்டு சொல்லிட்டான்."

"முதல்ல நீ போட்ட பேச்சை அழி."

"எதுக்கு அழிக்கணும்? பொய்யா சொன்னேன்?"

அக்கம்பக்கத்து டயர் கடை, அலுமினியக் கடை ஆட்கள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். வேடிக்கை பார்க்க நம் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இங்கேயே, இப்பவே திறக்கிறேன். என் தப்புன்னா சும்மா கட்டித் தர்றேன். இந்தக் கடை போர்டையும் கழட்டிடுறேன்."

போர்டைக் கழற்றுகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் எனக்குப் பயம் இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன்.

2. என் கோடு

எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது ஹெட் கேஸ்கெட். வெடிக்கிற நெருப்பு, ஓடுகிற தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அந்தத் தகடுதான். அதை அமுக்கிப் பிடிப்பவை ஹெட் போல்ட்டுகள். இந்தக் காலத்து போல்ட் ஒரு தடவைக்குத்தான். டார்க் ரெஞ்சில் அளவாக இறுக்கி, பிறகு டிகிரி பார்த்துத் திருப்பவேண்டும். அப்போது போல்ட் இம்மி நீளும். அந்த இழுவைதான் ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் கை வைத்தால் இழுவை செத்துப்போகும்.

கடைசித் திருப்பு முடிந்ததும் நான் ஒரு வேலை செய்வேன். என் வீட்டுக்காரியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்து ஹெட் வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிடுவேன். வேறு எந்தப் போமேனும் செய்து நான் பார்த்ததில்லை. "எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிற தவுக்கே" என்று இந்தக் கடை முதலாளியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். போல்ட் தளர்ந்தால் கோடு பின்னால் போகும். அது என் தப்பு. யாராவது தொட்டு இறுக்கினால் கோடு முன்னால் போகும். அது என் தப்பில்லை.

மேல்மூடியைக் கழற்றினேன். கோமதியைக் கூப்பிட்டேன். டயர் கடைக்காரனையும் கூப்பிட்டேன், சாட்சி வேண்டுமே.

"பாரு. நல்லா குனிஞ்சு பாரு."

எல்லா போல்ட்டிலும் கோடு உடைந்திருந்தது. ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை. எல்லாம் முன்னால்.

"யாருகிட்ட குடுத்த வேனை?"

"சத்தியமா யாருகிட்டயும் குடுக்கலண்ணே."

"அப்ப பேய் வந்து இறுக்கிட்டுப் போச்சா?"

நடு போல்ட்டுகளைத் தொடவேண்டுமானால் மேலே குறுக்கே கிடக்கும், வால்வுகளைத் திறக்கிற ராக்கர் ஷாஃப்டைக் கழற்றியாகவேண்டும். அதைக் கழற்றிப் போட்டால் வால்வ் இடைவெளியை மறுபடி அளந்து வைக்கவேண்டும். வந்தவன் அதை எப்படிச் சொதப்பியிருக்கிறான் என்று பார்ப்போமே என ஃபீலர் கேஜை விட்டேன். ஒரு வால்வ் சரி. அடுத்ததும் சரி. கடைசி வரைக்கும் எல்லாமே கச்சிதம். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகள் அதது அதன் குழியில், ஆயில் தடவி.

அங்கேதான் எனக்குக் கோபம் இரண்டு பங்கானது. மடையன் கை வைத்திருந்தால் மடையன் என்று விட்டுவிடலாம். இது வேலை தெரிந்த கை. வேலை தெரிந்தவன் என் வேலையில் வந்து கை வைத்திருக்கிறான்!

கோமதி உடைந்த கோடு ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். "போன ஞாயித்துக்கிழமை மாமா வேனைக் கழுவுனாரு" என்றாள் மெதுவாக.

"கழுவுனாரா?"

அவள் புருஷன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வீட்டில் இருப்பது மாமனார் முனியாண்டி. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிராக்டரும் ஃபேக்டரி எஞ்சினும் பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாமா, வேன் எஞ்சினைத் தொட்டீங்களா?"

"தொட்டேனே. ஏன், இப்ப நல்லா இழுக்குதா?"

கூட்டம் சிரித்தது. கிழவருக்கு அது கேட்கவில்லை. "புது கேஸ்கெட் போட்டா கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி இறுக்கணும்மா. அந்த ஜெலுத்தோங்காரன் கூப்பிடவே இல்ல. பாதி வேலைல விட்டுட்டான். அதான் நானே முடிச்சேன்."

பாதி வேலை! எத்தனையோ எஞ்சின் கட்டிய கை இது. இதைப் பார்த்துப் பாதி வேலை!

3. முனியாண்டி வந்தார்

மத்தியானம் கிழவரே வந்துவிட்டார். ஃபெரியில் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முன்கூடையில் துணி சுற்றிய நீளமான ஸ்பானர் ஒன்று. இறங்கியதும் கேட்டார்:

"யாருய்யா வேலு?"

"நான்தான்."

"நீதானா? வேலை சுத்தம்தான். ஆனா முடிக்கல."

"முடிச்சுக் கோடு வேற போட்டிருந்தேன் ஐயா. கண்ணுல படலையா?"

"அது நகத்துக்குப் பூசுறது இல்ல? யாரோ பொம்பளப் புள்ள வேலை செஞ்சிருக்குன்னு நினைச்சேன்."

டயர் கடைக்காரன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றி எடுத்தேன். கேஸ்கெட் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கருகிக் கிடந்தது. அங்கே இருந்த போல்ட்டை எடுத்து, பெட்டியில் இருந்த புதுப் போல்ட்டுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன். பழையது நீளமாக இருந்தது. கழுத்தில் மெலிந்திருந்தது.

கிழவர் விரலால் தடவிப் பார்த்தார். "இரும்பு சரியில்ல."

"இரும்பு சரிதான். கைதான் சரியில்ல."

"டேய், உன் வயசு என் சர்வீஸு!"

"அந்த சர்வீஸ்ல டிராக்டர்தானே பார்த்தீங்க? அந்தக் காலத்து கேஸ்கெட் சூட்டுல அமுங்கும், அதுக்கு இறுக்கலாம். இதுக்கு இறுக்கினா சாவுதான்."

கோமதி நடுவில் வந்தாள். "அண்ணே, போதும்ணே. நான் குழுவுல வேற ஏதாவது சொல்லிடுறேன். ரேடியேட்டர் கோளாறுன்னு சொல்லவா?"

"ரேடியேட்டரும் நான்தான் பார்த்தேன்!"

அவளுக்கு என்ன சங்கடம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் குழுவில் பாதிப் பேர் அதே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கிழவரை ஃபிட்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயரைச் சொல்லாமல் என் பெயர் சுத்தமாகாது. அவர் பெயரைச் சொன்னால் அவருக்கு வெளியில் தலை காட்ட முடியாது. ஆனால் நான் ஏன் விடவேண்டும்? நான் இறுக்கினேனா?

"உன் ரூட்டுக்காகக் கட்டித் தர்றேன்" என்றேன். "என் பேருக்கு நீ ஒரு வழி சொல்லு."

4. திரும்பக் கட்டியது

ஹெட் லேசாக வளைந்திருந்தது. ஸ்கிம் பண்ணும் கடைக்கு அனுப்பி முகத்தைச் சமமாக்கி, சனிக்கிழமை காலையில் வாங்கி வந்தேன். பிளாக்கின் முகத்தைத் துடைத்து, போல்ட் குழிகளில் நின்ற ஆயிலை ஊதி எடுத்தேன். குழியில் ஆயில் நின்றால் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். இதை நிறையப் பேர் செய்வதில்லை.

கிழவர் மறுபடி வந்து ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போ என்றும் சொல்ல முடியவில்லை. புதுக் கேஸ்கெட்டை வைத்தேன், ஹெட்டை இறக்கினேன், புதுப் போல்ட்டுகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கி வந்தேன். கோடு போட்டேன். புஷ் ராடுகளை அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்திருந்தேன். அதது தன் குழிக்கே போனது. ராக்கர் ஷாஃப்டைப் பூட்டி இடைவெளி வைக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் கிழவர் வாயைத் திறந்தார்.

"மூணாவது எக்ஸாஸ்டு வால்வு டைட்டா இருக்கு."

கேஜை விட்டுக் காட்டினேன். சரியாகவே இருந்தது. "டைட்டா?"

"சரி, சரி. தூரத்துலருந்து அப்படித் தெரிஞ்சுது."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பழைய போல்ட்டுகளில் கொஞ்சம் நன்றாக இருந்த ஒன்றை எடுத்தேன். ஒரு தடித்த குழாய்த் துண்டுக்குள் அதை விட்டு, மறுபக்கம் நட் போட்டு, வைஸில் கடிக்கவைத்தேன்.

"உங்க ஸ்பானரைக் கொண்டாங்க. இறுக்குங்க. அன்னைக்கு இறுக்கின மாதிரியே."

எழுந்து வந்தார். வயசானாலும் கை இரும்பு. முதலில் போல்ட் முறுக்கிக்கொண்டு எதிர்த்தது. அவர் இன்னும் இழுத்தார். அப்புறம் ஒரு இடத்தில் ஸ்பானர் வெண்ணெயில் போவதுபோலச் சுகமாகப் போனது. அவர் நிறுத்திவிட்டார். ஸ்பானரை எடுக்காமல், கையையும் எடுக்காமல் அப்படியே நின்றார்.

"செத்துப்போச்சு" என்றார்.

நான் சொல்லவில்லை. அவரேதான் சொன்னார்.

"அன்னைக்கும் ஒரு போல்ட்டு இப்படித்தான் போச்சு. நல்லா உக்காருதுன்னு நினைச்சேன்." கோமதி பக்கம் திரும்பினார். "பாலத்துல நின்னப்ப வேன்ல எத்தன புள்ளைங்கம்மா?"

"விடுங்க மாமா."

"போனைக் குடு."

அவள் தயங்கினாள். அவரே வாங்கி, எங்கே அமுக்கவேண்டும் என்று டயர் கடைக்காரனிடம் கேட்டு, எழுந்து நின்று பேசினார்:

"நான் ஃபிட்டர் முனியாண்டி பேசுறேன். கோமதி வேனை இறுக்கிக் கெடுத்தது நான். ஜெலுத்தோங்காரன் வேலையில குத்தம் இல்ல. இந்தக் காலத்து இரும்பு ஒரு அளவுக்கு மேல தாங்காது. தெரியாம எவனும் கை வைக்காதீங்க. அவ்வளவுதான்."

இரும்பைக் குறை சொல்வதை மட்டும் விட மாட்டேன் என்கிறார் பாருங்கள்! ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். எதிர்த்த கடையில் அந்த வேன்காரர் அதை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டார். நான் கேட்காததுபோல ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பிடித்தது. நான் கட்டியது வேறெப்படிப் பிடிக்கும்?

திங்கட்கிழமை கோமதி தன் ரூட்டில் இருந்தாள். என் போர்டும் அது இருந்த இடத்தில் இருந்தது.

5. சுவரில் தொங்குவது

அந்தச் சனிக்கிழமை கிழவர் கிளம்பும்போது அந்த ஸ்பானரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டேன். "வேன் ஓடுற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்" என்றேன். முறைத்தார், ஆனால் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்லா வேலை செய்தால் போதும், பெயர் தானாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். நிற்காது. ஒரு நிமிஷப் பேச்சில் போய்விடும், நீங்கள் கதவு திறக்கும் முன்பே போய்விடும். உங்கள் வேலை எங்கே முடிந்தது என்று அந்த வேலையிலேயே அடையாளம் வைத்துவிடுங்கள். யார் சிரித்தாலும் வையுங்கள். அந்தச் சிவப்புக் கோடு இல்லையென்றால் இன்றைக்கு நான் போர்டு இல்லாத ஆள். இன்னொன்று, வண்டிக்காரரிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் ஸ்பானர் வைத்திருக்கிறவர் யார் என்று கேட்டு அவரிடமும் சொல்லுங்கள்.

கிழவர் இன்னும் போன் போடுகிறார். போன வாரம்கூட.

"வேலு, வேன் நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

"தெரியும்."

"இறுக்க வேணாம்தானே?"

"வேணாம்!"

"சும்மா கேட்டேன்லா. ஸ்பானர் பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"துரு புடிச்சுரும். எண்ணெய் போட்டு வை."

போடுகிறேன். அவர் சொன்னார் என்பதற்காக இல்லை. என் கடைச் சுவரில் துருப்பிடித்த சாமான் தொங்கினால் என் பெயர் என்ன ஆகும்?