ஏரி நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி

எங்கள் அலுவலகத்து அக்கா காபிக் கோப்பையை வாங்குவதற்கு முன்பே புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். கணினி, கதவுப் பிடி, தும்மிக்கொண்டே வேலைக்கு வந்தவரின் நெற்றி, எதுவும் தப்பாது. என் கழுத்தில் ஒருநாள் கை வைத்துவிட்டு, "காய்ச்சலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. போய் வேலையைப் பாருடா" என்றார். இங்கே அவருக்குப் பெயரே சூட்டக்காதான்.

செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் வெப்பப் படங்களைப் படிப்பது எங்கள் தொழில். சுடுவது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு. எந்த ஆலையின் கூரை கொதிக்கிறது, எந்தக் குப்பைமேடு உள்ளுக்குள் கனல்கிறது என்று தீப்பிடிக்கும் முன்பே சொல்லிவிடுவோம். படம் காட்டும் சூடு சரிதானா என்று பார்ப்பவர் அக்கா. அதற்கு அவர் நம்புவது ஓர் ஏரியையும் ஒரு கணவரையும். செயற்கைக்கோள் கடக்கும் நேரம் பார்த்து, பள்ளி வேன் ஓட்டும் அத்தான் படகில் ஏரி நடுவே போய்த் தண்ணீரில் தெர்மாமீட்டரை முக்குவார். "இதுக்குத்தானே கட்டிக்கிட்டேன்" என்பார் அக்கா, சிரிக்காமல்.

போன வாரம் எங்கள் புதிய செயற்கைக்கோளின் முதல் படம் வந்தது. எல்லோரும் அக்காவின் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டோம். இதன் கண் பழுதென்றால் மேலே போய்த் திருத்த முடியாது. இத்தனை வருட உழைப்பும் அம்போதான். ஏரி கறுப்பாக விரிந்தது. அத்தான் சொன்ன அளவோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. ஆனால் நட்டநடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. தண்ணீரில் நெருப்பா? முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா போனை எடுத்தார். "என்னங்க, அளவெடுக்கும்போது எஞ்சினை அணைச்சீங்களா இல்லையா?"

"காத்து தள்ளிக்கிட்டே இருந்துச்சும்மா. அணைச்சிருந்தா படகு கரைக்கே போயிருக்கும்" என்றார் அத்தான் ஸ்பீக்கரில்.

"நூறு வாட்டி சொன்னேனே!" திட்டிக்கொண்டே துள்ளி எழுந்தார் அக்கா. "டேய், படகு எஞ்சின்டா அது! அவ்ளோ மேலேர்ந்து அதைக்கூடப் பாத்துடுச்சுடா!"

அறையே அதிர்ந்தது. முதலாளி மேசைமேல் ஏறிவிட்டார். நான் யாரையோ கட்டிக்கொண்டேன், யாரென்று இன்னும் தெரியவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே அக்கா திரைப்பக்கம் குனிந்தார். வெள்ளைப் புள்ளியின்மேல் புறங்கையை மெல்ல வைத்துப் பார்த்தார்.