பவளத் தொட்டிக்குக் கீழே

லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவருக்கு மகள் விட்டுப்போனது ஒரு பவளத் தொட்டி. உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், இரண்டு ஆரஞ்சு மீன்கள். வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பும்போது, "அப்பா, தண்ணி குறைஞ்சா ஊத்துங்க, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றும் பண்ணாமல் இருக்கத்தான் மனிதருக்குத் தெரியாது.

தொட்டியைத் தாங்கும் மரப்பெட்டியின் கதவைத் திறந்தவருக்குத் தலை சுற்றியது. மோட்டார், ஹீட்டர், விளக்கு, அலை கிளப்பும் பம்பு, எல்லாவற்றின் ஒயர்களும் பின்னிப் பிணைந்து கிடந்தன. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அடித்தட்டிலேயே கிடந்தது. அதன்மேல் உப்புப் பூத்திருந்தது.

"படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?" என்று மீன்களிடம் கேட்டார். கேட்க வேறு ஆளில்லை. மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பாக்ஸை உயரத்தில் திருகி மாட்டலாம் என்று மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். உடனே போன் அடித்தது.

"அப்பா, என்னாச்சு? மோட்டார் நின்னுடுச்சுன்னு எனக்கு அலாரம் வருது!"

"அங்க இருந்துக்கிட்டு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உள்ள ஒரு கருப்பு டப்பா இருக்குல்ல, அது சொல்லிடும்ப்பா."

ஞாயிற்றுக்கிழமை போன்கூட "அப்புறம் பேசறேன்" என்பதில் முடிந்துகொண்டிருந்த காலம் அது. அன்று அவள் விலாவாரியாகப் பேசினாள். குளிர், மேலதிகாரி, சாப்பிட்டீங்களா, எல்லாம். போனை வைத்தபோது மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெட்டியை அருமையாகத்தான் ஒழுங்கு செய்தார். தண்ணீர் சொட்டினால் பிளக்குக்கு ஓடாமல் கீழேயே விழட்டும் என்று ஒவ்வொரு ஒயரையும் தொய்வாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினார். அதோடு விட்டாரா? ஹீட்டரை இடமிருந்து வலத்துக்கு மாற்றினார். அடுத்த வாரம் வலமிருந்து இடத்துக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் அவள் கூப்பிடுவாள். லிப்ட் நின்றால் மட்டும் ஊர் கூப்பிட்ட ஆள். வேறு வழி தெரியவில்லை. அவருக்கு வேண்டியது அந்தக் குரல், அவ்வளவுதான்.

ஆனால் குரல் மாறிக்கொண்டே வந்தது. "அப்பா, மீட்டிங்ல இருக்கேன். மறுபடியும் என்ன?"

"ஒண்ணுமில்லம்மா, ஒயரைக் கொஞ்சம் சரி பண்ணேன்."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

ஒருநாள் வீடியோவில் பெட்டியைக் காட்டச் சொன்னாள். "சூப்பரா இருக்குப்பா! இனிமே தொடவே வேண்டாம். ஒரு லிங்க் அனுப்பறேன், அழுத்துங்க." எதற்கு என்று கேட்காமல் அழுத்தினார்.

பிறகு அவர் தொடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டால் "பிஸிப்பா" என்று எழுத்தில் பதில் வந்தது. ஞாயிறும் சத்தமில்லாமல் போயிற்று. திங்கட்கிழமை காலை பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மோட்டார் பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர்ச் சத்தம் அடங்கியது. மடியில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

போன் அடிக்கவில்லை, ஒருமுறை சிணுங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவளுக்குப் போய்க்கொண்டிருந்த அலாரம், அன்று அழுத்திய லிங்கால் இப்போது இவர் போனுக்கே வந்திருந்தது. அப்பாவுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே வைத்திருந்தாள்:

"மோட்டார் நின்றுவிட்டது. கவனிக்கவும்."

மீன்கள் என்ன பாவம் செய்தன? பிளக்கை மறுபடி சொருகினார்.

போன் இன்னொரு முறை சிணுங்கியது. "மோட்டார் ஓடுகிறது."

அதையும் படித்தார்.