மாமா தண்ணீரை நிறுத்திய நாள்

மீஞ்சூரில் கம்பெனி வாசலில் நிற்கும்போதுதான் போன் வந்தது. "மாமா படகிலயே சுருண்டு உழுந்துட்டாரு, ஓடியா" என்று அக்கா அலறினாள். அக்கா புருஷனைத்தான் சொல்கிறேன். பசியாவரத்தில் ஏரியில் இறால் பிடிக்கிற தொழில் செய்கிறவர்.

அதற்கு முன்பே அவருக்குப் பெருங்குடல் புண்ணாகி, வருஷக்கணக்கில் ரத்தமாகப் போய், கடைசியில் அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் பை ஒட்டினார்கள். கட்டிய பெண்டாட்டிக்குக்கூட அந்தப் பையைக் காட்டமாட்டார் மாமா. கதவைச் சாத்திக்கொண்டுதான் காலிசெய்வார்.

கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். அப்புறம் பை தண்ணீராக நிரம்பத் தொடங்கியது. "கொடலையே எடுத்தாச்சி, அப்பால இன்னா நோவு? நீ வெச்ச நண்டுக் கொயம்புதான்" என்று அக்கா மேல் பாய்ந்தார். அவளும் நம்பி நண்டை நிறுத்தினாள். நானும்தான் நம்பினேன். நோய் இருந்த இடத்தையே வெட்டி எறிந்த பிறகு அது எங்கே போய் உட்காரும்?

எங்கள் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களுக்குப் பாடு என்று முறை உண்டு. முறை வருகிறவர்கள் அன்று போய் வலை கட்டவேண்டும். விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்கவேண்டும். மாமாவின் பாடு வந்தது. படகில் ஆட்களுக்கு நடுவே பையைத் திறக்க வெட்கப்பட்டு, முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் மனுஷன்! குடிக்காவிட்டாலும் உள்ளேயிருந்து ஊற்றிக்கொண்டேதான் இருந்தது, ரத்தமும் கலந்து.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் கண் குழிந்து, நாக்கு வறண்டு கிடந்தார். பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "சுத்தியும் தண்ணிய வெச்சிக்கினு தாகத்துல சாவப் பாத்தியே மாமா" என்று கத்தினேன். துளை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், சிறுகுடலே வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, அபூர்வமாக இப்படியும் வரும் என்றார். நண்டு தப்பித்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார். ஊசி மருந்தில் மெல்ல ஆறியது.

அடுத்த பாடு வந்தபோது, பையைத் திறக்க மாமா நெளிவதைப் பார்த்துப் படகிலிருந்த பங்காளி சிரித்தாராம். "நாங்க மட்டும் இத்தினி நாளா எங்க போறோம்? ஏரிலதான. நீ இன்னா பெரிய கலெக்டரா? தொறந்து உடுய்யா!"

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது: "இந்தா, இங்க வந்து பாரு. பையில ரத்தம் எதுனா கீதா?"

அக்கா மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள். கதவு திறந்துதான் இருந்தது.