பெரியப்பாவின் மூக்கு

கனடாவில் புத்தகத்தைத் தனியாகப் படித்துவிட்டுக் கூட்டமாக அழுகிறார்கள். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாதத்தில் ஒரு மாலை, சில பெண்கள் சீஸும் திராட்சையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரே நாவலுக்காகக் கண்ணைத் துடைப்பார்கள். லிஃப்ற்றில் முகத்தைப் பார்க்காமல் நிற்கிற அதே பெண்கள்தான். யாழ்ப்பாணத்தில் நான் நாவலும் கையுமாக இருந்தால், வேலை இல்லாமல் இருக்கிறேன் என்று அர்த்தம். அம்மா கண்டால் புத்தகத்தைப் பறித்து விளக்குமாற்றைத் தருவார். இங்கே படிக்காமல் போனால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். என் ஆங்கிலம் கொஞ்சம் திருந்தட்டும் என்று என்னை அதில் சேர்த்துவிட்டவள் என் மகள் ஆரணி.

போன பனிக்காலத்தில் படித்த நாவல் ஒரு யூதச் சிறுமியின் கதை. போர்க்காலத்தில் போலந்தில் ஒரு பண்ணைக்காரி அவளை ஒளித்து வளர்க்கிறாள். படையினர் வந்து கேட்டபோது, "இவள் என் மகள்" என்கிறாள். போர் முடிந்த பிறகும் அந்தப் பொய்யை யாரும் திருத்தவில்லை. இந்தக் காலத்துப் பேத்தி ஒருத்தி, குடும்பத்தின் பூர்வீகம் அறிய ஆசைப்பட்டு, ஒரு குழாய்க்குள் எச்சிலைத் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறாள். பிறகென்ன, பூகம்பம்தான்.

எங்கள் குழுவில் மிரியம் என்ற யூதப் பெண்மணி இருக்கிறார். தொண்ணூறை நெருங்கியவர். உண்மையிலேயே அப்படி ஒளிந்து வளர்ந்தவர். அன்று எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிரியம் புத்தகத்தை மூடிவிட்டு, "இதில் எல்லோரும் அளவுக்கு மீறி அழுகிறார்கள். எனக்கு அழ நேரம் இருக்கவில்லை. பண்ணையில் ஓர் ஆடு என்னைக் கண்டாலே முட்ட வரும். புத்தகத்தில் ஆடே இல்லை" என்றார். மற்றவர்கள் ஆளுக்கொரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டார்கள். ஏதாவது அன்பாகச் சொல்ல வேண்டுமென்று, "எங்களுக்கும் ஆடு நல்ல விருப்பம்" என்றேன், ஆங்கிலத்தில். சொல்லி முடிந்த பிறகுதான் நான் எந்த ஆட்டைப் பற்றிச் சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. மற்றப் பெண்கள் திராட்சையை மெல்லுவதை நிறுத்தினார்கள். மிரியம் மட்டும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து லிஃப்ற்றில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளத் தொடங்கினோம்.

இரவுச் சாப்பாட்டில் அன்றன்று படித்த அத்தியாயத்தை வீட்டில் தமிழில் சொல்லுவேன். என் கணவர் எந்தக் கதைக்கும் காது கொடுக்கிறவர் அல்ல. ஆனால் பண்ணைக்காரி பொய் சொன்ன இடம் வந்ததும் பிட்டைக் குழைத்த கை நின்றுவிட்டது.

"பொய் சொன்னதுக்கு அந்தப் பொம்பிளையை ஒண்டும் செய்யேல்லையோ?"

"இன்னும் அந்த இடம் வரேல்லை."

"கெதியா வாசியுமன்."

திருமணமாகி இத்தனை காலத்தில் அவர் என்னை வாசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கதையைக் கேட்ட ஆரணி வேறு காரியம் செய்தாள். மலிவு விற்பனையில் சோதனைப் பெட்டிகள் மூன்று வாங்கிவிட்டாள். தனக்கொன்று, அப்பாவுக்கொன்று, பெரியப்பாவுக்கொன்று. பெரியப்பா என்றால் குலம் அத்தான், என் கணவரின் அண்ணன். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான பிறம்ரனில் இருந்து லொறி ஓட்டுகிறார். கலியாணம் செய்யவில்லை. ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இங்கே நடந்த என் கலியாணத்தன்று நான் காலில் விழுந்து கும்பிட்ட மனிதர். மீன் வாங்கினால் தலை அவருக்குத்தான். ஆரணி பிறந்தபோது பார்க்க வந்த சனமெல்லாம், "அப்படியே பெரியப்பாவின்ரை மூக்கு" என்று சொல்ல, கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே தெரியத் தொடங்கிவிட்டது.

பெட்டிகள் வந்ததிலிருந்து என் கணவருக்கு எச்சில் வற்றிவிட்டது.

"எனக்கு வாய் காய்ஞ்சு கிடக்கு, பிள்ளை. சுகர் மருந்து."

"அப்பா, இட்ஸ் ஜஸ்ற் ஸ்பிற்!"

அடுத்த ஞாயிறு, நண்டுக்கறியும் சோறும் மேசையில் இருக்க, ஆரணி பெரியப்பாவிடம் குழாயை நீட்டினாள். அவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"நான் றோட்டிலையே துப்பாத மனுசன். இவள் குழாய்க்குள்ள துப்பச் சொல்றாள்."

"பெரியப்பா, ப்ளீஸ்."

"மறுகா பாப்பம், பிள்ளை."

இந்த 'மறுகா' மட்டக்களப்புப் பக்கத்துச் சொல். 'பிறகு' என்று நாங்கள் சொல்வதை அவர் 'மறுகா' என்பார். கேட்டால், இளமையில் அங்கே வேலை பார்த்தவர் என்று என் கணவர் சொல்லியிருந்தார்.

ஆரணி விடவில்லை. அவர் சாப்பிடாமலே எழுந்து வாசலுக்குப் போய்ப் பூட்ஸைக் கொழுவினார். நண்டை விட்டுவிட்டுப் போகிற மனிதர் அல்ல. நல்ல காலம், பூட்ஸின் ஸிப் பாதியில் இறுகிவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரின் தோளில் என் கணவர் கை வைத்தார்.

"அண்ணை, இருங்கோ. சொல்லுவம்."

குலம் அத்தான் செருப்பு வைக்கும் பெட்டியின் மேல் இருந்துகொண்டு, ஒரு காலில் பூட்ஸோடு சொன்னார். அவர் பிறந்தது மட்டக்களப்பில். சண்டையில் வீட்டு ஆட்கள் எல்லோரையும் இழந்து, தனியாக யாழ்ப்பாணம் வந்து, பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்திருக்கிறார். ஒரு நாள் என் கணவரின் வீட்டுக் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வந்த நேரம் சுற்றிவளைப்பு. ஆமிக்காரன் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, இவன் யார் என்று கேட்டான். கேட்டு முடிய முன்னம் என் மாமியார் வாளியோடு சேர்த்து அவர் கையைப் பிடித்து, "என்ரை மூத்தவன்" என்றிருக்கிறார்.

"மறுகா அவ அதை மாத்தவே இல்லை" என்றார் அத்தான். "ஆமி போயும் மூத்தவன்தான். சாப்பாடும் எனக்குத்தான் முதல், அடியும் எனக்குத்தான் முதல்."

"என்ரை பாயிலை பாதியும் போட்டுது" என்றார் என் கணவர். "ஒரு வருசம் நான் உவரோடை கதைக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமாக எனக்கே சொல்லவில்லையே. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அப்ப மூக்கு?"

குலம் அத்தான் கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். "அண்ணன் எண்டு எழுதிக் குடுத்து வந்ததுக்குக் குடிவரவுக்காரர் பிடிப்பாங்கள் எண்டு பயமில்லை. அவங்கள் பிடிச்சால் பிடிக்கட்டும்" என்றார். "ரொறன்ரோவிலை எல்லாப் பிள்ளையளுக்கும் நான் அங்கிள். இவள் ஒருத்திதான் பெரியப்பா எண்டு கூப்பிடுறவள். இவளும் இனி..."

லொறியில் பனிப்புயலுக்குள் அமெரிக்கா போய் வருகிறவர், எங்கள் வாசலில் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நின்றேன்.

ஆரணி தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"வெயிற், பெரியப்பா. தென் ஹூஸ் நோஸ் இஸ் திஸ்?"

பெரியப்பா என்று கூப்பிட்டது அவளுக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தொப்பியை எடுத்துவிட்டு, "அது உன்ரை அம்மம்மாவின்ரை மூக்கா இருக்கும்" என்றார், கண்ட சாட்சி போல. ஊரோடு நின்றுவிட்ட என் அம்மாவை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பிறகு வெட்டிரும்பு கொண்டு வந்து என் கணவர் அந்த ஸிப்பை உடைத்தெடுக்க, எல்லோரும் ஆறிப்போன நண்டைச் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து லிஃப்ற்றில் மிரியம் வந்தார். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"என் கணவரின் அண்ணன், அண்ணன் இல்லை" என்றேன்.

"எப்போதிலிருந்து?"

"ஞாயிற்றுக்கிழமையிலிருந்து."

"அடுத்த ஞாயிறு சாப்பிட வருவாரா?"

"வருவார். இறால் கேட்டிருக்கிறார்."

மிரியத்தின் தளம் வந்துவிட்டது. அவர் ஊன்றுகோலால் கதவைத் தடுத்துக்கொண்டு, "என் அக்காவும் அக்கா இல்லை. பண்ணைக்காரியின் மகள். ஒரு போர்வைக்காகச் சாகும்வரை என்னோடு சண்டை பிடித்தாள். வேற்று ஆட்களோடு யார் அவ்வளவு காலம் சண்டை பிடிப்பார்கள்?" என்றார். லிஃப்ற் பொறுமையிழந்து கத்தத் தொடங்கியது. அவர் அதையும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஆரணி தன் எச்சிலை மட்டும் அனுப்பியிருந்தாள். முடிவு வந்த ஞாயிறு, கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினாள். இலங்கையும் இந்தியாவின் அடிப்பகுதியும் ஒரே மஞ்சள். அந்த நிறத்துக்கு யாழ்ப்பாணமும் தெரியவில்லை, மட்டக்களப்பும் தெரியவில்லை. குலம் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இதிலை பிறம்ரன் எங்கை, பிள்ளை?"

அவள் விரலால் கடலைத் தள்ளித் தள்ளிக் கனடாவுக்குக் கொண்டு வந்தாள். எங்கும் சாம்பல் நிறம். "இங்கை கலர் இல்லை, பெரியப்பா."

அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். இரண்டு இடமும் ஒரே திரையில் தெரிய வேண்டுமென்று, ஸ்ரியறிங் பிடித்துத் தடித்த இரண்டு விரல்களால் உலகத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சுருக்கினார். ரொறன்ரோ உள்ளே வந்தபோது, இலங்கை ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டாகியிருந்தது. அதைக் கிட்டத்தில் பார்க்க விரல்களை விரித்தார். நாங்கள் இருக்கும் இடம் திரைக்கு வெளியே போய்விட்டது.