பொட்டு வைத்து நிறுத்திய சர்வர்

போன வாரம், விஜயதசமி அன்று, எங்கள் அம்பத்தூர் தொழிற்சாலை வாசலில் ஒரு லாரியும் ஒரு வாடகைக் காரும் நின்றன. லாரிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். காரின் டிக்கியில் கயிறு போட்டுக் கட்டிய சூட்கேஸ். இரண்டுமே நகர முடியாமல் நின்றதற்குக் காரணம், உள்ளே இருந்த ஒரு கம்ப்யூட்டர்.

சூட்கேஸ் பாஸ்கருடையது. எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் என்னிடம் வேலை பார்த்த பையன். அந்தக் கம்ப்யூட்டர், அதாவது யூனிக்ஸ் சிஸ்டத்தில் ஓடும் எங்கள் சர்வர், முழுக்க அவன் பொறுப்பு. அன்று அவனுக்குக் கடைசி நாள். இரவு சிங்கப்பூர் விமானம். சொன்ன தேதியில் வந்து சேராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று அங்கே கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த சர்வர் இருக்கிறதே... ஸ்டாக், சம்பளம், டெஸ்பாட்ச் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பாஸ்கர் அதை நிறுத்தவே விடமாட்டான். மாதம் ஒரு தடவையாவது முறைப்படி ஷட்-டவுன் செய்து மறுபடி கிளப்பேன்ப்பா என்பேன் நான்.

"நல்லா ஓடற மெஷினை எதுக்கு மேடம் நோண்டணும்? யூனிக்ஸை அடிக்கடி ரீபூட் பண்றாங்கன்னா, அவங்களுக்கு யூனிக்ஸ் தெரியலைன்னு அர்த்தம்" என்பான்.

எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் பதிலுக்குச் சொல்ல உருப்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கொரட்டூர் வீட்டில் மிக்ஸியைக்கூட நடுநடுவே ஓய்வு கொடுத்துத்தான் ஓட்டுவேன். அது ஒரு காரணமா? வருஷக்கணக்காக இந்தச் சண்டை ஓடியது.

முடித்து வைத்தது ஆயுத பூஜை.

எங்கள் தொழிற்பேட்டையில் அன்றைக்கு எல்லா மெஷினையும் நிறுத்திவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, கைக்கு ஒரு பொரி பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். பொட்டு வைத்த மெஷினை விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. சர்வர் மட்டும் வருஷா வருஷம் தப்பித்துவிடும். ஓடிக்கொண்டே பொட்டு வைத்துக்கொள்ளும்.

இந்த வருஷம் யூனியன் செயலாளர் ஏழுமலை நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேடம், ஷாப்ல அம்மாம் பெரிய பிரஸ் மெஷினே நிக்குது. இது மட்டும் இன்னா கலெக்டரா? சாமி கும்புடசொல்லகூட ஓடிக்கினு கீதே."

பாஸ்கர் என்னைப் பார்த்தான். நான் ஏழுமலையைப் பார்த்தேன். "அவர் கேக்கறது நியாயம்தானே" என்றேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

முறைப்படி நிறுத்தினோம். பொட்டு வைத்தோம். பூட்டிவிட்டுப் போனோம்.

விஜயதசமி காலையில் பாஸ்கர் சுவிட்சைப் போட்டான். சர்வர் முனகியது, யோசித்தது, எழுந்துவிட்டது. ஸ்டாக் வந்தது. சம்பளம் வந்தது. 'இப்போ திருப்தியா?' என்பது போல அவன் என்னைப் பார்த்தான்.

கேட் பாஸ் மட்டும் வரவில்லை.

சரக்கு வெளியே போக வேண்டுமானால் வாசல் செக்யூரிட்டி அறையில் இருக்கும் பிரிண்டரில் கேட் பாஸ் அடித்து வர வேண்டும். கையால் எழுதிக் கொடுத்தால் என்ன? செல்லாது. அப்படி உத்தரவு போட்டவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சுந்தரேசன். உத்தரவை மாற்றவும் மாட்டார்.

பாஸ்கர் கேபிளைக் கழற்றி மாட்டினான். வேறு பிரிண்டரை வைத்துப் பார்த்தான். விசைப்பலகையில் எதையோ தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். சர்வர் 'அனுப்பிவிட்டேன்' என்கிறது. வாசல் பிரிண்டரோ சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதில் யாரை நம்புவது?

லாரி டிரைவர் முனுசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், எலுமிச்சம்பழம் காஞ்சிப் பூடும் போல கீது. சீட்டு குட்தா போய்க்கினே இருப்பேன்."

அந்தச் சரக்கு போகாவிட்டால் அதை வாங்குகிற கம்பெனியில் அசெம்ப்ளி லைன் நின்றுவிடும். சுந்தரேசன் சார் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாஸ்கர், லாரி கேட்டைத் தாண்டினப்புறம்தான் உன் ரிலீவிங் லெட்டர்ல கையெழுத்து போடுவேன்."

அந்த லெட்டர் இல்லாமல் சிங்கப்பூரில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பாஸ்கர் தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்த்தான். அவன் சட்டை முதுகு நனைந்திருந்தது. ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காக, போகிற பையனின் பிழைப்பில் கை வைத்துவிட்டேனா?

மதியத்துக்கு மேல் அந்தக் கார் வந்தது. சூட்கேசோடு அவன் அப்பா. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இப்போது சேக்காட்டில் வீடு. நான் வெளியே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் முடிச்சிட்டே வரட்டும்மா. பாதியில விட்டுட்டு வந்தாம்னா, பிளேன்ல ஒக்காந்தாலும் அவனுக்கு இருப்புக்கொள்ளாது" என்றார். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் திரும்பி நடந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் ஸ்டோர்ஸ் கண்ணபிரான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், எங்க ரூம் பிரிண்டரு தன்னால அடிச்சிக்கினே கீது. நான் ஒண்ணியும் தொடல. காலண்டர்ல நல்ல நேரம் பாத்து இப்பத்தான் சுச்சு போட்டேன்."

அவர் கையில் நீளமாகத் தொங்கிய காகிதத்தைப் பார்த்தேன். கேட் பாஸ். காலையிலிருந்து நாங்கள் அடித்து, அந்த பிரிண்டருக்கு சுவிட்ச் போடாததால் தேங்கிக் கிடந்த அத்தனையும்.

பாஸ்கர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "வாசலை மாத்தினோமே மேடம்... அந்த மழையில..."

எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. பழைய வாசல் ஸ்டோர்ஸ் பக்கம் இருந்தது. அப்போது கேட் பாஸ் ஸ்டோர்ஸ் பிரிண்டரில்தான் வரும். போன மழையில் அங்கே முழங்கால் வரை தண்ணீர் நின்றதால் வாசலை இந்தப் பக்கம் மாற்றினார்கள். 'இனிமேல் கேட் பாஸைப் புது வாசலுக்கு அனுப்பு' என்று பாஸ்கர் அன்றைக்கு சர்வரிடம் தட்டிச் சொன்னான். அதுவும் கேட்டுக்கொண்டது. ஆனால் அப்படி வாய்வார்த்தையாகச் சொன்னது, அது ஓடுகிற வரைதான் அதன் நினைவில் இருக்கும். ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் அது படித்துப் பார்க்கிற ஃபைல் ஒன்று உண்டு. அதில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்டுட்டேன் மேடம்."

நிறுத்தாமல் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. பூஜை முடிந்து எழுந்த சர்வருக்குப் பழைய வாசல் மட்டுமே ஞாபகம் இருந்தது.

ஸ்டோர்ஸ் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தோம். கையால் எழுதியதில்லை, சர்வர் அடித்ததுதான் என்பதால் அது செல்லுபடியானது. முனுசாமி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினார். சுந்தரேசன் சார் கையெழுத்துப் போட்டார். பாஸ்கர் அந்த ஃபைலில் எழுத வேண்டியதை எழுதினான். லெட்டரைச் சட்டைப் பையில் வைத்தான், எழுந்தான், கடிகாரத்தைப் பார்த்தான்... மறுபடி உட்கார்ந்தான்.

"ஷட்-டவுன் பண்றேன் மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம்ப்பா. நேரமாயிடுச்சு, நீ கிளம்பு."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்னு நெனைக்கிறேன். நெனைக்கிறேன்... அவ்ளோதான் மேடம். நான் போனப்புறம் இது நின்னுச்சுன்னா உங்களுக்கு யாரு இருக்கா?"

ரீபூட் கூடாது என்று என்னோடு மல்லுக்கு நின்றவன் அதைச் செய்கிறான். ரீபூட் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள் தடுக்கிறேன். எப்படி இருக்கிறது?

நிறுத்தினான். கிளப்பினான். அது டிஸ்க்கை ஒவ்வொரு மூலையாகச் சரிபார்க்க ஆரம்பித்தது. வெளியே கார் ஹாரன் அடித்தது. விமான நிலையம் போகிற வழியில் பாடியில் நெரிசல், பாலத்தில் நெரிசல், விமானம் யாருக்காகவும் நிற்காது. பாஸ்கர் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தான். இரண்டாவது ஹாரன். ஒருவழியாக லாகின் வந்ததும் சோதனைக்கு ஒரு கேட் பாஸ் தட்டினான்.

இன்டர்காமில் வாட்ச்மேன் பேசினார். "மேடம், சீட்டு இங்க வந்துட்ச்சி."

பாஸ்கர் "வரேன் மேடம்" என்று சொன்னது படிக்கட்டில் இருந்துதான் கேட்டது. அவனை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

இத்தனை வருஷமாக நான் தேடிய காரணம் அன்றுதான் கிடைத்தது. யூனிக்ஸுக்கு ஓய்வு வேண்டாம். அந்த விஷயத்தில் பாஸ்கர் சொன்னதுதான் சரி. நிறுத்திப் பார்க்க வேண்டியது நமக்காக. நிறுத்தினால் திரும்ப எழுப்ப நமக்குத் தெரியுமா என்பதை, எழுப்பத் தெரிந்தவன் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கரண்ட்டோ டிஸ்க்கோ போய் அது தானாக விழுகிற அன்றைக்கு அவன் எந்த ஊரில் இருப்பானோ? இனி மாதம் ஒரு சனிக்கிழமை, மதிய ஷிஃப்ட் முடிந்ததும், எங்கள் சர்வர் நிற்கும், எழும். பொட்டு கட்டாயமில்லை.

நேற்று சிங்கப்பூரிலிருந்து போன். வேலையில் சேர்ந்துவிட்டானாம்.

"மேடம், இங்க ஒரு சர்வரை வாங்கின நாள்லேர்ந்து நிறுத்தினதே இல்லையாம். வர்றவங்களுக்கெல்லாம் பெருமையா காட்டறாங்க."

"நீ என்னப்பா சொன்னே?"

"இந்த ஊர்ல பூசணிக்காய் எங்க கிடைக்கும்னு கேட்டேன் மேடம்."